சொந்த வீடு கட்டுகிறோம்: ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் திருட்டு அலாரத்துக்கும் தீ அலாரத்துக்கும் என்னென்ன முடிவு செய்ய வேண்டும்?

வயலோரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்கு வடக்கே, மண்ணச்சநல்லூருக்கு அருகில் உள்ள புதிய மனைப்பிரிவு ஒன்றில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். யாரிடமும் மொத்தமாக ஒப்படைக்காமல், மேஸ்திரியைத் தனியாகவும் எலக்ட்ரீஷியனைத் தனியாகவும் அமர்த்தி, பொருட்களை நாங்களே வாங்கித் தருகிறோம். தரைத்தளம் 1,100 சதுர அடி, மாடி 750 சதுர அடி. லிண்டல் மட்டத்துக்கு மேல் சுவர் எழும்பிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் தரைத்தளத்துக்கு ரூஃப் போட வேண்டும்.

எங்கள் மனையின் இரண்டு பக்கமும் இன்னும் வெறும் மனைகள்தான். தெருவிளக்கும் முழுமையாக வரவில்லை. என் கணவருக்கு வாரம் இரண்டு, மூன்று நாட்கள் இரவுப் பணி இருக்கும். தரைத்தளத்து அறையில் 74 வயதான என் மாமியார் இருப்பார். அவருக்குக் காது சற்று மந்தம். நானும் இரண்டு பிள்ளைகளும் மாடியில் படுப்போம். இந்த நிலையில் வீட்டுக்குத் திருட்டு எச்சரிக்கையும் தீ எச்சரிக்கையும் இரண்டுமே வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எலக்ட்ரீஷியன், "கேமராவுக்கு மட்டும் பைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் வயர்லெஸ்ஸில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அவர் சொல்வது சரியா? இரண்டும் ஒரே பேனலில் (உணரிகள் எல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியில்) இருக்கலாமா, தனித்தனியாக இருக்க வேண்டுமா? வெள்ளிக்கிழமைதோறும் பூஜை அறையில் சாம்பிராணி போடுவோம். புகை உணரி இருந்தால் அதற்கெல்லாம் அலறுமா?

பாதுகாப்புக்காக எல்லா ஜன்னல்களுக்கும் 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் அசையாத கிரில் சொல்லியிருக்கிறோம். முன் வராந்தாவுக்கு மடக்குக் கிரில் கேட்டும் வருகிறது. இவை போக எங்கெங்கே என்ன வைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மின்னிணைப்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் அலாரம் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். எங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோர் பெயின்ட் அடித்து முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகே அழைக்கிறார்கள்.

இந்த மூன்று வாரத்தில் எந்தக் கருவி, எந்த நிறுவனம் என்று நீங்கள் முடிவு செய்யவே வேண்டாம். பைப் எந்த வழியாகப் போகிறது, சென்ட்ரிங் பலகையின் (கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் பலகையின்) மேல் எந்த இடத்தில் ஜங்ஷன் பாக்ஸ் உட்காருகிறது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். கருவிகளைப் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை மாற்றத்தான் போகிறோம்; கான்கிரீட்டுக்குள் போன பைப்பை யாரும் மாற்ற முடியாது. ரூஃப் போட்ட பிறகு அடிப்பக்கத்தைக் கொத்திப் பைப் புதைத்தால் கம்பியின் மேலிருக்கும் கவர் கான்கிரீட் போய், நாளடைவில் துரு ஏறும். அதற்கு அஞ்சி வெளியே கேசிங் பட்டை ஒட்டினால், வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கசக்கும்.

வயர்லெஸ்ஸைப் பற்றி உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது கட்டி முடித்த வீட்டுக்குப் பொருந்தும். வயர்லெஸ் உணரி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பேட்டரி உண்டு. வீட்டில் பதினைந்து உணரிகள் இருந்தால் பதினைந்து பேட்டரிகளை நினைவில் வைத்து மாற்ற வேண்டும். மாடிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் கம்பி கட்டிய கான்கிரீட் ரேடியோ அலையைக் குறைத்துவிடும். புது வீட்டில் வயர் இழுக்க வாய்ப்பு இருக்கும்போது அதை விட்டுவிட்டு வயர்லெஸ்ஸுக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. காம்பவுண்ட் கேட், பின்னாளில் போடும் கார் ஷெட் போன்ற இடங்களுக்கு அது உதவட்டும்.

அலாரத்துக்கான பைப், 230 வோல்ட் வயர் செல்லும் பைப்பிலிருந்து முற்றிலும் தனியாக இருக்க வேண்டும். ஒரே பைப்பில் இரண்டையும் இழுத்தால் பொய் அலாரமும் வரும், உயிருக்கு ஆபத்தும் வரும். எல்லாப் பைப்புகளும் பேனல் வைக்கும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். அந்த இடம் தலைவாசலுக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. உங்கள் படுக்கையறை அலமாரியின் மேல் தட்டு பொருத்தமான இடம். வாசலருகே குறியீட்டு எண் அழுத்தும் கீபேட் மட்டும் இருந்தால் போதும். பைப்புக்குள் இப்போதே இழுவைக் கம்பி விட்டு, இரு முனையையும் துணியால் அடைத்துவிடச் சொல்லுங்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தைய மாலை, டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு பாக்ஸையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைதான். பின்னாளில் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படங்கள் பொன் போன்றவை.

புகை உணரியின் இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது, ஏனெனில் நம் வீடுகளில் எல்லா அறைகளிலும் சீலிங் ஃபேன் உண்டு. ஃபேன் காற்று புகையை உணரிக்குச் சேர விடாமல் தள்ளிவிடும். என்.எஃப்.பி.ஏ. 72 என்னும் அமெரிக்க விதிநூல், ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து 36 அங்குலத்துக்குள் புகை உணரி வரக் கூடாது என்கிறது. 48 அங்குல ஃபேன் என்றால் அறையின் நடுப்புள்ளியிலிருந்து இறக்கைக்கு 2 அடி, இடைவெளிக்கு 3 அடி, ஆக 5 அடி. 12-க்கு 11 அடி அறையில் இந்த 5 அடியை நேராகச் சுவரை நோக்கி அளந்தால் உணரி சுவரோடு ஒட்டிவிடும். மூலைவிட்டமாக அளந்தால் இரண்டு சுவர்களிலிருந்தும் 2 அடிக்குச் சற்றே கூடுதலாகத் தள்ளி ஓர் இடம் கிடைக்கும். கதவு இருக்கும் மூலைப் பக்கமாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளியலறைக் கதவுக்கு மூன்றடி தள்ளியே இருக்கட்டும். வெந்நீர் ஆவியைப் புகை என்று எண்ணிக்கொள்ளும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

ஒரே பேனலா, இரண்டா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அளவு வீட்டுக்கு, தீ உணரிகளையும் ஏற்கும் திருட்டு அலாரப் பேனல் ஒன்றே போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பேனலில் உணரிகளைக் குழு குழுவாகப் பிரிப்பதை மண்டலம் என்போம்; தீ உணரிகள் சேரும் மண்டலத்தை, எப்போதும் விழித்திருக்கும் 24 மணி நேரத் தீ மண்டலமாகவே அமைக்க வேண்டும். திருட்டு அலாரத்தை நீங்கள் காலையில் எழுந்ததும் அணைத்துவிடுவீர்கள். அப்போது தீ உணரிகளும் சேர்ந்து அணைந்துவிடுமாறு அமைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சைரன் ஒலியும் இரண்டுக்கும் வேறாக இருக்க வேண்டும். தீ என்றால் வெளியே ஓட வேண்டும், திருடன் என்றால் அறைக்குள்ளேயே தாழிட்டுக்கொள்ள வேண்டும். ஒலியைக் கேட்டதுமே எது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பேனலுக்கு டிபி பாக்ஸில் (மின் பகிர்வுப் பெட்டியில்) தனி எம்சிபி சுவிட்ச் வைத்து, அதன் மேல் அணைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் பெரியவர்களின் நல்ல வழக்கம். ஆனால் வீடு பூட்டியிருக்கும் அந்த நாட்களில்தான் அலாரத்துக்கு வேலை. பேனலில் வழக்கமாக வைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, கருவிகள் அனைத்தும் சேர்ந்து கால் ஆம்பியர் எடுத்தால் 28 மணி நேரம் தாங்கும் என்பது ஏட்டுக்கணக்கு. பேட்டரிக்கு வயதாக ஆக அது குறையும் என்பதால் 18 மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். நான்கு நாள் குலதெய்வம் கோயிலுக்குப் போனால் மெயினை அணைத்த இரண்டாம் நாளே அலாரம் செத்துவிடும். இன்வெர்ட்டர் வைப்பதானால் பேனலும் வைஃபை ரவுட்டரும் அந்த லைனிலேயே வரட்டும்.

கதவு திறந்ததும் பேனலுக்குச் சொல்லும் காந்தத் தொடர்பு சிறிய பொருள்தான்; ஒரு பாதி கதவிலும் மறு பாதி நிலையிலும் இருக்கும். ஆனால் நிலைக்குள் மறைவாக வைக்க விரும்பினால், நிலையை நிறுத்துவதற்கு முன்பே தச்சரிடம் மேல் சட்டத்தில் துளை போடச் சொல்ல வேண்டும். தரைத்தள நிலைகளை இந்நேரம் நிறுத்தியிருப்பீர்கள். மாடி நிலைகளுக்காவது, குறிப்பாக மொட்டைமாடிக் கதவுக்கு, இப்போதே சொல்லிவிடுங்கள். ஆளில்லாத மனைகள் சூழ்ந்த வீட்டில், அண்டை மனையிலிருந்து சன்ஷேடு வழியாக ஏறி மொட்டைமாடிக் கதவை நெம்புவதுதான் எளிய வழி. முன்வாசலில் நான்கு தாழ்ப்பாள் போடுகிறவர்கள் அந்தக் கதவுக்கு ஒரு தகரக் கதவு மாட்டி முடித்துவிடுகிறார்கள்.


செந்தணல் எழுதியது:

தீயணைப்பு மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்ன மின்வேலைக் குறிப்புகளில் எனக்கு மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால் அம்மா, உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகளைப் படித்ததும் எனக்கு உறக்கம் போய்விட்டது: எல்லா ஜன்னல்களுக்கும் அசையாத கிரில், வராந்தாவுக்கு மடக்குக் கிரில் கேட்.

திருடனை வெளியே நிறுத்தும் ஒவ்வொரு கம்பியும் தீ நேரத்தில் வீட்டாரை உள்ளே நிறுத்தும். பூட்டிய கிரில் கேட்டுக்கு உட்புறம், சாவியைத் தேடிக்கொண்டிருந்த நிலையில் மயங்கிக் கிடந்தவர்களைப் பணியில் தூக்கியிருக்கிறேன். அலாரம் அடித்து விழித்த மனிதனுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி இல்லாத வீட்டில் எத்தனை உணரிகள் வைத்தாலும் அவை விழிக்க வைப்பதோடு நின்றுவிடும். ஆகவே திருட்டுக்கும் தீக்கும் தனித்தனியாகத் திட்டமிடாமல், இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

கான்கிரீட் வீடு எரியாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கட்டடம் எரியாதுதான், உள்ளே இருப்பவை எரியும். நுரை மெத்தை, சோபா, திரைச்சீலை, பிளைவுட் அலமாரி ஆகியவை எரியும்போது கார்பன் மோனாக்சைடும், நுரையிலிருந்து ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. தீச்சுடர் அறையைத் தொடுவதற்கு முன்பே இந்த வாயுக்கள் மனிதனைச் செயலிழக்கச் செய்துவிடும். கரும்புகை மேலே எழுந்து மாடிப்படி வழியாகப் புகைபோக்கியில் போவது போல மாடிக்குப் போகும். உங்கள் வீட்டில் பிள்ளைகள் படுப்பது அங்கேதான். எனவே மாடிப்படி முடியும் இடத்தின் உச்சியில் கட்டாயம் ஒரு புகை உணரி, படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்று, தரைத்தள ஹாலில் ஒன்று வேண்டும். இவற்றுள் ஒன்று புகையைக் கண்டால் எல்லா இடத்திலும் ஒலிக்க வேண்டும். கீழே சமையலறைப் பக்கம் மட்டும் அடித்தால், ஏசி போட்டுக் கதவை மூடி உறங்கும் உங்களுக்கு அது கேட்காது. ஒளியைக் கொண்டு புகையைக் கண்டறியும் வகையே வீட்டுக்கு நல்லது. மெத்தையும் பஞ்சும் சுடர் விடாமல் புகைந்துகொண்டிருக்கும் நிலையை அது விரைவில் பிடிக்கும்.

சமையலறையில் புகை உணரி வைக்காதீர்கள். தாளிக்கும் நேரமெல்லாம் அது கத்தினால், நான்காம் நாளே யாராவது ஏணி போட்டுக் கழற்றிவிடுவார்கள். அங்கே வெப்ப உணரிதான் சரி. பூஜை அறைக்கும் அதே விதிதான். சாம்பிராணிக்கு எந்தப் புகை உணரியும் அலறத்தான் செய்யும், அது அதன் குற்றமல்ல. அடுப்பிலிருந்தும் பூஜை அறை வாசலிலிருந்தும் பத்தடியாவது தள்ளி ஹால் உணரியின் இடத்தைக் குறியுங்கள். பூஜை அறைக்கு வெளிப்பக்கம் ஒரு சிறு ஜன்னல் வைத்து, வெள்ளிக்கிழமை மாலை அதைத் திறந்து வைத்தால் புகை ஹாலுக்கு வராது. அணையா விளக்குக்கு மேலே மரத்தட்டும், பக்கத்தில் பட்டுத் துணியும் இல்லாமல் பார்த்துக்கொள்வது உணரி வைப்பதைவிட முக்கியம்.

எரிவாயுக் கசிவுக்குத் தனி உணரி வேண்டும். சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படர்ந்து மேடைக்கு அடியிலும் பள்ளமான இடங்களிலும் தேங்கும். எனவே அந்த உணரி தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சிலிண்டரும் அடுப்பும் இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும். கூரையில் மாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கான இடம், ஏனெனில் அது காற்றைவிட இலேசானது. உங்கள் பகுதிக்கு நாளை குழாய் எரிவாயு வரலாம் என்று நினைத்தால், சமையலறையில் கீழே ஒரு பாக்ஸும் மேலே ஒரு பாக்ஸும் இப்போதே விட்டுவைக்கலாம். அந்த உணரி அடித்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் தேவையான தகவல். முதுமையில் காது மந்தமாகும்போது முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளே. சாதாரணப் புகை அலாரத்தின் ஒலி ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ். அவருக்குக் கேட்காமல் போகக் கூடியதும் அதுதான். அவருடைய அறைக்கு 520 ஹெர்ட்ஸ் அளவில் கனத்த குரலில் ஒலிக்கும் சவுண்டர் கேட்டு வாங்குங்கள். அதோடு மின்னி மின்னி எரியும் விளக்கும், தலையணைக்கு அடியில் அதிரும் கருவியும் சேர்த்தால் இன்னும் நல்லது. கட்டில் தலைமாட்டில் அதற்கு ஒரு பைப்பும் பாக்ஸும் விடச் சொல்லுங்கள்.

இனி கிரில். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரே ஒரு ஜன்னலின் கிரிலையாவது, கீல் வைத்து உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் கட்டட விதிகள் தப்பிக்கும் ஜன்னலுக்கு ஓர் அளவு சொல்கின்றன: திறப்பு 0.33 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, திறப்பின் அடிப்பகுதி தரையிலிருந்து 1,100 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் விதி அல்ல என்றாலும் மனித உடலின் அளவு எங்கும் ஒன்றுதான். நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றையே உயரமான கட்டடங்களாகக் கொண்டு அவற்றுக்குத்தான் கடுமையான தீ விதிகளை வைக்கிறது; உங்கள் வீட்டைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. வீட்டைக் கட்டும் நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். மின்சார ஸ்கூட்டர் இருந்தால், அல்லது வாங்கும் எண்ணம் இருந்தால், அதைப் போர்ட்டிகோவில் தலைவாசலை மறித்தாற்போல் நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அருகில் நெருங்க முடியாது, நீங்கள் வெளியேற வேண்டியதோ அதே வாசல். பக்கவாட்டுச் சந்தில் தனி பிளக் பாயின்ட் வையுங்கள்.


தெற்குவாசல் எழுதியது:

மதுரையில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டினேன். மேலே இருவரும் சொன்னவற்றில் பாதியைக்கூட அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கு நேர்ந்தவற்றை மட்டும் எழுதுகிறேன், பயன்படட்டும்.

அசைவு உணரி மனித உடலின் வெப்பத்துக்கும் பின்னணியின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு வேலை செய்கிறது. சித்திரை மாதத்தில் பூட்டிக் கிடக்கும் அறை 36, 37 டிகிரிக்குப் போகும்போது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நான் ஊரிலிருந்து திரும்பிய ஒரு மதியத்தில், உணரிக்கு நேராக ஹாலைக் கடந்து போன பிறகும் அது வாய் திறக்கவில்லை. வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதும், மைக்ரோவேவ் அலையையும் சேர்த்துப் பயன்படுத்துவதுமான இரட்டை உணரியாக மாற்றிய பிறகே நிம்மதி. அதை ஏழு, எட்டு அடி உயரத்தில், ஆள் குறுக்காகக் கடந்து செல்லும்படியான மூலையில் வைக்க வேண்டும். உணரியை நோக்கி நேராக வருகிறவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் பிடிக்கும். மேற்கு வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தபடி வைக்கக் கூடாது.

பல்லிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உணரியின் கண்ணாடி மேலேயே பல்லி ஊர்ந்தால் அது யானை போலத் தெரியும். நள்ளிரவில் மூன்று முறை தெருவே விழித்த பிறகு, வயர் வரும் துளைகளையெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தேன். புகை உணரிக்குள்ளும் சிறு பூச்சிகளும் சிலந்தியும் நுழையும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாக்குவம் வைத்துத் தூசியை இழுத்துவிடுகிறேன்.

பொருத்தித் தந்தவர் பெயின்ட் வேலை முடிவதற்கு முன்பே உணரிகளை மாட்டிவிட்டார். பட்டி தேய்த்த தூசி உள்ளே போய் அவற்றில் மூன்று கெட்டுவிட்டன. பாக்ஸ் மட்டும் இருக்கட்டும். கருவியைக் கடைசி நாளில் மாட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக சிம் கார்டு. என் பேனல் 2ஜி மட்டும் தெரிந்த பேனல். அதில் ஜியோ சிம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. பேனலில் சிம் இருக்கிறது, திருட்டு நடந்தால் கைப்பேசிக்கு அழைப்பு வரும் என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் 4ஜி பேனலாகக் கேளுங்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.


வயலோரம் எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதில்களை அச்செடுத்து நேற்று மாலை மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், கிரில் வேலை செய்பவர் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். சென்ட்ரிங் மேல் ஏழு பாக்ஸ்களுக்கு இடம் குறித்தாகிவிட்டது. மாமியார் அறையில் தலைமாட்டுப் பைப்புக்கும் காடி எடுக்கச் சொல்லிவிட்டேன். மூலைவிட்டமாக அளந்தபோது ஓர் அறையில் உணரி பீம் மேல் வந்தது, அதைப் பீமுக்கு இந்தப் பக்கம் இரண்டடி நகர்த்திக்கொண்டோம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பிள்ளைகள் அறையில் திறக்கும் கிரிலுக்குப் பொருத்தமான ஜன்னல், போர்ட்டிகோ ரூஃப் மேல் திறக்கும் ஜன்னல்தான். அங்கிருந்து போர்ட்டிகோ மேல் இறங்கி நிற்கலாம், கீழே இருப்பவர்கள் ஏணி போட்டு இறக்கலாம். ஆனால் திருடன் ஏறி வருவதற்கும் அதைவிட வசதியான ஜன்னல் வீட்டில் வேறில்லை. கிரிலைத் திறக்கும்படி வைத்தால் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்துவிடுவான் என்று கணவர் தயங்குகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே?


செந்தணல் எழுதியது:

அவர் தயங்குவது முழுக்க நியாயம்தான். அதற்காக ஜன்னலை மாற்ற வேண்டாம், தாழ்ப்பாளை மாற்றுங்கள். கிரிலின் நடுவே வைக்காமல், கீலுக்கு எதிர்ப்பக்கத்தில், கம்பி இடைவெளியில் கை நுழைத்தாலும் எட்டாத இடத்தில் தாழ்ப்பாள் வரட்டும். அதைச் சுற்றி மூன்று பக்கமும் இரும்புத் தகட்டால் பெட்டி போல மூடி, அறைக்குள் இருப்பவர் கைக்கு மட்டும் எட்டும்படி ஒரு பக்கம் திறந்துவிடச் சொல்லுங்கள். கம்பி இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கீல்கள் உட்பக்கமாக, ஊசியைக் கழற்ற முடியாதபடி வெல்டிங் வைத்து இருக்க வேண்டும். பூட்டு மட்டும் எக்காரணத்தாலும் போடாதீர்கள். புகைக்குள் சாவியைத் தேடி யாராலும் எடுக்க முடியாது. மூத்த பிள்ளை தன் கையாலேயே அதைத் திறக்க முடிகிறதா என்று வேலை முடிந்த அன்றே பாருங்கள், முடியவில்லை என்றால் தாழ்ப்பாளைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

வராந்தா மடக்குக் கேட்டின் சாவிக்கும் ஒரு சொல். உட்புறம், கேட்டிலிருந்து வெளி ஆள் கைக்கு எட்டாத தொலைவில், எப்போதும் ஒரே ஆணியில் அது தொங்க வேண்டும். அதை எடுத்தவர் அங்கேயே மாட்ட வேண்டும். மாமியாருக்கு அந்த ஆணி இருட்டிலும் கைக்குத் தெரிய வேண்டும்.


மின்னிணைப்பு எழுதியது:

திறக்கும் கிரில் சட்டத்தில் ஒரு காந்தத் தொடர்பு வைத்துவிடுங்கள், சகோதரி. இரும்பின் மேல் பொருத்துவதால் மரக்கதவுக்கு வைப்பது வேலை செய்யாது. இரண்டு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி கூடுதலாகத் தாங்கும், இரும்புக்கென்றே வரும் வகையைக் கேளுங்கள். அதே சட்டத்தில் ஓர் அதிர்வு உணரியும் வைத்தால், கம்பியை அறுக்கவோ நெம்பவோ தொடங்கியதுமே சைரன் அடிக்கும். திருடன் உள்ளே வந்த பிறகு அசைவு உணரி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் நீங்கள் உள்ளே படுத்திருக்கும்போது அறைகளின் அசைவு உணரிகள் ஓய்ந்து, கதவுகளும் கிரில்களும் மட்டும் விழித்திருக்கும்படி பேனலில் ஓர் இரவு நிலை உண்டு. பிள்ளைகளின் ஜன்னலை அந்த நிலையில் சேர்க்க மறக்காதீர்கள். தீ நேரத்தில் அவர்கள் அதைத் திறந்தால் திருட்டுச் சைரனும் சேர்ந்து அடிக்கும் என்று கவலைப்பட வேண்டாம்; தீ ஒலிக்கே முன்னுரிமை தருமாறு பேனலில் அமைத்துவிடலாம். பொருத்துபவர் புறப்படுவதற்கு முன் அதை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பீமைத் தாண்டி உணரியை நகர்த்தியது சரியான செயல். அந்த ஜன்னலுக்கு இரண்டு பைப் வேண்டாம், ஒரே பைப்பில் ஆறு கோர் வயர் இழுத்தால் இரண்டு கருவிகளுக்கும் போதும். மாடி ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பும்போது சட்டத்தின் மேல் மூலைக்கு அருகில் ஒரு பாக்ஸ் விடச் சொல்லுங்கள். தரைத்தள ரூஃபிலிருந்து அந்தப் பாக்ஸுக்கு ஏறும் பைப்பின் முனையைக் கான்கிரீட் அன்று ஓரடி மேலே நீட்டி, தொப்பி போட்டு மூடிவிட்டால் போதும்.